குளிராத ஃப்ரிட்ஜ் ஒன்று தேவை

மனித குலத்தின் முன் நிற்கும் மாபெரும் கேள்விகளில் ஒன்றுக்கு இன்று மாலைக்குள் விடை கிடைத்தாக வேண்டும் என்பதைப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு அறிவித்துக்கொள்கிறோம். பிரபஞ்சம் எப்படித் தோன்றியது என்ற கேள்வி அல்ல அது. அதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், யாரும் வாசலில் காத்திருக்கவில்லை. கேள்வி இதுதான்: சொந்த வீட்டுக்குள் மதுக்கூடம் கட்டிய ஒரு கனவான், அதில் எந்த ஃப்ரிட்ஜை வைக்க வேண்டும்? அந்த வீட்டில் தப்பான ஃப்ரிட்ஜ் ஒன்று நுழைந்தது. ஒரு பெரிய மனிதரின் மானம் கலங்கிப்போனது. ஒரு மச்சினனின் படுக்கை வாசலுக்கு வந்துவிட்டது.

படுக்கை என்றது பேச்சுக்காக அல்ல. சுருட்டிக் கட்டிய மெத்தை, தகரப் பெட்டி, ஒரு மேசை விசிறி மூன்றும் போர்டிகோவில் வரிசையாக நின்றிருந்தன. அவற்றில் தடுக்கி விழப் போனவன் ஒட்டடை.

ஒட்டடை என்பது ஊர் வைத்த பெயர். ஆள் ஒட்டடைக்குச்சி மாதிரி நெடுநெடுவென்று இருப்பான். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதல் வேலையாக நிலையில் தலையை இடித்துக்கொள்வான். முப்பதைத் தாண்டியும் எந்த வேலையிலும் நிலைக்கவில்லை. நீக்கியவர்கள் எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: வாய். கடைசியில் அந்த வாயையும் சேர்த்து வேலைக்கு வைத்துக்கொண்டவர், இப்போது அவனுக்கு முன்னால் விறுவிறுவென்று படியேறிக்கொண்டிருந்த செக்கர்.

செக்கர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது துப்பறியும் தொழில் பார்க்கும் அம்மாள். வாழ்நாளெல்லாம் ஓடுகிற பெட்டிக்குள் நடந்தே பழகியதால், ஓடாத தரையில் அவருக்குக் கால் நிற்காது. நாற்காலி போட்டால் அதைச் சுற்றி வருவாரே தவிர உட்கார மாட்டார். யாரைப் பார்த்தாலும் முதலில் கையைப் பார்ப்பார், அப்புறம்தான் முகம். டிக்கெட் எடுக்காதவன் முகத்தை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், கையை எங்கே வைப்பது என்றுதான் தெரியாது என்பது அவர் கண்டறிந்த உண்மை.

"இதெல்லாம் யாரோட சாமான்?" என்று கேட்டார் செக்கர்.

"குற்றவாளியோடது," என்றது உள்ளேயிருந்து ஒரு கனத்த குரல். "சாயங்காலம் வெளியே போறான். வாங்க, லௌஞ்சுல உட்கார்ந்து பேசலாம்."

குரலுக்குச் சொந்தக்காரர் டைரக்டர். ஒரு குழாய்க் கம்பெனியில் டைரக்டராக இருந்தவர். கம்பெனி அவரை விட்டு வெகுகாலம் ஆகிறது, அவர்தான் பதவியை விடவில்லை. காய்கறிக்காரர் முதல் கட்டிய மனைவி வரை எல்லோருக்கும் அவர் டைரக்டர்தான்.

லௌஞ்ச் என்று அவர் சொன்ன இடம் முன்பு துணி காயப்போட்ட அறை. இப்போது அங்கே பளபளக்கும் வளைந்த மரக் கவுன்ட்டர், ஏறினால் இறங்கப் பயப்படும்படியான உயர ஸ்டூல்கள், பின்னால் கண்ணாடி அலமாரி. அலமாரி காலியாக இருந்தது. அதில் இருக்க வேண்டிய பாட்டில்கள் எல்லாம் மூலையில் நின்ற ஒரு கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜுக்குள், நீல வெளிச்சத்தில், மழைக்காலத்துக் குட்டைத் தண்ணீர் நிறத்தில் நின்றன. ஃப்ரிட்ஜ் உறுமுவதும் அடங்குவதும் மறுபடி உறுமுவதுமாக நிம்மதி இல்லாமல் இருந்தது.

டைரக்டர் மனைவி மூவருக்கும் காபி வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போனார். டைரக்டர் தொண்டையைச் செருமினார். நடந்த கொடுமையை, ஆண்டறிக்கை வாசிப்பது போல விவரித்தார்.

போன வாரம் லௌஞ்ச் திறப்பு விழா. கிளப் தலைவரே நேரில் வந்து, இந்த ஃப்ரிட்ஜைப் பரிசாகக் கொடுத்தார். விருந்தினர்களுக்கு வேறு சரக்கு தனியாக இருந்தது. அலமாரியில் இருந்தது டைரக்டரின் சேகரிப்பு. அதை யாரும் தொடுவதில்லை, டைரக்டர் மட்டும் தினமும் மாலை ஒரே ஒரு கிளாஸ். ஆனால் தலைவர், போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று சேகரிப்பு முழுவதையும் எடுத்து ஃப்ரிட்ஜில் அடுக்கிவிட்டார். விருந்து முடியும் நேரத்தில் பார்த்தால் எல்லாப் பாட்டிலும் கலங்கியிருந்தது. தலைவர் ஒன்றைத் திறந்து ஒரு வாய் குடித்தார்.

"குடிச்சுட்டு?" என்றான் ஒட்டடை.

"டீ," என்றார் டைரக்டர். அந்த எழுத்தை உச்சரிக்கவே அவர் உதடு கூசியது. "அத்தனையும் டீ. பால் சேர்க்காத டீ. கிளப் முழுக்கப் பார்த்துக்கிட்டிருக்கு. என் விஸ்கியை எவனோ குடிச்சுட்டு டீயை ஊத்தி வெச்சிருக்கான். எவனோ என்ன எவனோ, என் மனைவியோட தம்பி. கார் ஷெட்டுக்குப் பின்னாடி ரூம்ல சும்மா கிடக்கிறான். சாயங்காலம் தலைவர் வர்றார். அவர் முன்னாடி நீங்க அவன்தான்னு சொல்லணும். கண்டுபிடிக்கிற சிரமமெல்லாம் வேண்டாம். கண்டுபிடிச்சாச்சு. உறுதிப்படுத்தினா போதும்."

"அதுக்குத் துப்பறியறவங்க எதுக்கு சார்? ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சுக்கிட்டா ஆயுசுக்கும் உழைக்குமே," என்றான் ஒட்டடை.

டைரக்டர் அவனை, வாசலில் கிடக்கும் விளம்பரத் தாளைப் பார்ப்பது போலப் பார்த்தார். செக்கர் கவுன்ட்டரைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தார். நின்றது ஃப்ரிட்ஜ் முன்னால்தான்.

"இது தலைவர் வாங்கினது. சரி. நீங்களா எந்த ஃப்ரிட்ஜ் வாங்கறதா இருந்தீங்க?"

"அது பரிசீலனையில இருந்தது."

"கவுன்ட்டருக்குப் பாலிஷ் போட்டு எத்தனையோ மாசம் ஆன மாதிரி இருக்கே. இன்னுமா பரிசீலனை?"

டைரக்டர் கைக்குட்டையை எடுத்து, ஏற்கனவே பளபளத்த கவுன்ட்டரைத் துடைக்க ஆரம்பித்தார். "ஹோம் பாருக்கு ஃப்ரிட்ஜ் தேர்ந்தெடுக்கிறதுன்னா சாதாரண விஷயம் இல்லம்மா. அவசரப்படக் கூடாது."

செக்கர் அந்தக் கையையே பார்த்தார். "எந்தக் கடையில அவசரப்படாம இருந்தீங்க?"

*

கடை இரண்டு மாடி. ஃப்ரிட்ஜ் பகுதி மேலே. டைரக்டர் என்ற சொல்லைக் கேட்டதும் சேல்ஸ்மேன் ஒரு வாஷிங் மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"வந்திருக்காரா? கீழே நிக்கிறாரா?"

"இல்லை, பயப்படாதீங்க," என்றான் ஒட்டடை. "நாங்க மட்டும்தான்."

சேல்ஸ்மேன் மூச்சு விட்டார். பிறகு, பல மாதம் அடைத்துவைத்த குழாய் திறந்த மாதிரி கொட்டினார்.

"முதல்ல வந்தப்போ கண்ணாடிக் கதவு காட்டினேன். வேணாம்னார். உள்ளே லைட் எரியுது, வேணாம். கறுப்புக் கதவு காட்டினேன். சத்தம் வருதுன்னார். சத்தம் வராததைக் காட்டினேன். கதவு இடது பக்கம் திறக்குதுன்னார். வலது பக்கம் மாத்திக் கொடுத்தேன். தட்டு இடைவெளி பத்தலைன்னார். தட்டையே கழட்டிட்டேன். கடைசியில கேட்டார் பாருங்க ஒரு கேள்வி. 'இது ரொம்பக் குளிருமா?'ன்னு."

"ஃப்ரிட்ஜைப் பார்த்தா?"

"ஃப்ரிட்ஜைப் பார்த்து! கொஞ்சமாத்தான் குளிரணும், முடிஞ்சா குளிராமலே இருந்தா நல்லதுன்னார். நான் வாய் தவறி, அதுக்கு பீரோ வாங்கிக்கலாமே சார்னு சொல்லிட்டேன். முதலாளிகிட்ட புகார் கொடுத்துட்டார்."

"அந்த வீட்டுலேருந்து வேற யாராவது வந்தாங்களா?" என்றார் செக்கர். அவர் இதற்குள் இரண்டு வரிசை ஃப்ரிட்ஜ்களைச் சுற்றி முடித்து மூன்றாவதில் இருந்தார். ஒவ்வொரு கதவையும் திறந்து மூடிக்கொண்டே போனார்.

"வராம? அவங்க வீட்டம்மா தனியா வந்தாங்க. அவர் எது வாங்கினாலும் உள்ளே இருக்கிறது வெளியே தெரியாத கதவா மாத்தி அனுப்பிடுங்க, குளிர் ரொம்ப வேணாம்னு கெஞ்சினாங்க. பொறுமையா கேட்டுக்கிட்டேன். அவங்க போன மறுவாரம் ஒருத்தர் வந்தார். கண்ணு சிவந்து, கொட்டாவி விட்டுக்கிட்டு. தம்பியாம். கதவைத் திறந்தா கீச்சுன்னு அலாரம் அடிக்காத ஃப்ரிட்ஜ் எது, அத்தானுக்கு அதைக் காட்டுங்கன்னார்."

"ஒரே வீடு, மூணு பேரு," என்றான் ஒட்டடை. "ஒருத்தருக்கும் ஃப்ரிட்ஜ் வேணாம்."

"அதேதான் சார் நானும் வீட்டுல போய்ச் சொன்னேன். எம் பொண்டாட்டி என்னை லீவு போடச் சொன்னா."

திரும்பி வருகையில் பஸ்ஸில் இடம் இருந்தும் செக்கர் உட்காரவில்லை. முன்னும் பின்னுமாக நடந்தார். அவரைக் கண்டு இரண்டு பேர் தாமாகவே டிக்கெட்டை எடுத்துக் காட்டினார்கள்.

"மேடம், கேஸ் முடிஞ்சது," என்றான் ஒட்டடை. "அலாரம் வேணாம்னவன்தான் திருடன். திருட்டுத்தனமா திறக்கிறவனுக்குத்தானே சத்தம் இடிக்கும்?"

"சரி. கண்ணாடிக் கதவு வேணாம்னவங்க?"

"அவங்க..." ஒட்டடை கம்பியைப் பிடித்தபடி யோசித்தான். "அழகுணர்ச்சி இல்லாதவங்க."

"டீயை ஃபிளாஸ்க்ல வெச்சுக்கிட்டு எத்தனையோ வண்டியில போயிருக்கேன். பால் விடாத கடும் டீ சில்லுன்னு ஆனா கலங்கிடும். சூடு பண்ணினா மறுபடி தெளியும். வெளியே இருந்தவரைக்கும் அந்தப் பாட்டிலெல்லாம் தெளிவா, விஸ்கி மாதிரியே இருந்திருக்கு. குளிரும் வெளிச்சமும் பட்டாத்தான் குட்டு உடையும். இது தெரிஞ்ச ஆளுக்குத்தான் குளிராத, உள்ளே தெரியாத ஃப்ரிட்ஜ் வேணும்."

"அப்படிப் பார்த்தா ரெண்டு பேரு ஆகுதே."

"அதான் என்னால உட்கார முடியலை," என்றார் செக்கர், ஏதோ மற்ற நாட்களில் உட்காருபவர் போல.

*

மச்சினன் கார் ஷெட்டுக்குப் பின்னால் வெறும் அறையில் நின்றிருந்தார். மெத்தை இருந்த இடத்தில் செவ்வகமாக ஒரு தூசியில்லாத தரை. அதைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். செக்கரும் சேர்ந்து நடக்க ஆரம்பிக்க, சின்ன அறையில் இருவரும் செக்குமாடுகள் போலச் சுற்றினார்கள். நடுவில் ஒட்டடை தூண் மாதிரி நின்றான்.

"எனக்கு வேற இடம் கிடையாது மேடம்," என்றார் மச்சினன். "வேலையும் போச்சு, வீடும் போச்சு. அக்கா இருக்காளேன்னு வந்தேன். இங்கேயிருந்தும் போன்னா நான் எங்கே போவேன்?"

"குடிச்சீங்களா இல்லையா?"

"குடிச்சேன்," என்றார் பட்டென்று. "ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் ஒரு கிளாஸ். சில நாள் ரெண்டு. ஆனா டீயை ஊத்தி வெச்சது நான் இல்லை. நான் குடிச்சப்போ அது விஸ்கியாத்தான் இருந்தது."

"நிச்சயமா?"

"என்ன மேடம், எனக்கு விஸ்கி தெரியாதா?" அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "குடிச்ச கொஞ்ச நேரத்துல நெஞ்சு படபடன்னு அடிக்கும். மூளை தறிகெட்டு ஓடும். விடிய விடியப் பொட்டுத் தூக்கம் கிடையாது. ஒருநாள் போதை தலைக்கேறி, அத்தானோட பெட்ரூம் கதவுக்கு முன்னாடி நின்னு அவரை நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன்."

"அவர் எழுந்துக்கலையா?"

"மனசுக்குள்ளேதானே வாங்கினேன்."

ஒட்டடை வாயைத் திறந்தான். செக்கர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். அது அபூர்வமான நிகழ்ச்சி.

"முதல் தடவை எப்போ குடிச்சீங்க?"

"கவுன்ட்டருக்குப் பாலிஷ் போட்ட வாரம். அந்த நாத்தத்துல தூக்கம் வரலை. எழுந்துபோய்ப் பார்த்தேன், பாட்டில் கண்ணைப் பறிச்சது."

"கடைசியா?"

"விருந்துக்கு முந்தின ராத்திரி."

"முதல் நாள் ருசிக்கும் கடைசி நாள் ருசிக்கும் வித்தியாசம்?"

"ஒண்ணும் இல்லை. அதே துவர்ப்பு. விலை கூடின சரக்குன்னா துவர்க்கும்போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

வெளியே வந்ததும் ஒட்டடை அடக்கியதை அவிழ்த்தான். "பாவம் மேடம் இந்த மனுஷன். விஸ்கி குடிச்சவன் தூங்குவான், இல்லை பாடுவான். நெஞ்சு படபடத்து, விடிய விடிய முழிச்சிருந்தாராம். இந்த வீட்டுல டீ குடிச்சுட்டு போதையில தள்ளாடின ஒரே ஜீவன் இவர்தான்."

"ஒரே ஜீவன்னு இப்பவே சொல்லாதே," என்றார் செக்கர், சமையலறையை நோக்கி நடந்தபடி.

டைரக்டர் மனைவி ஒரே தட்டைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். செக்கர் வழக்கம்போல் கையைப் பார்த்தார், அதற்குப் பிறகு முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். ஆணியில் ஒரு புனல் தொங்கியது. அதன் கழுத்து பழுப்பேறியிருந்தது. அடுப்புக்கு மேலே தேயிலை டின், ஒரு கல்யாண வீட்டுக்கு ஆகிற அளவுக்கு.

"காலையில எங்களுக்குக் காபி கொடுத்தீங்க. டைரக்டரும் காபிதான் குடிச்சார். நீங்க?"

"நானும் காபிதான்."

"அப்போ இத்தனை தேயிலை எதுக்கும்மா?"

தட்டு நின்றது. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு மெல்லச் சொன்னார். "டாக்டர் அவரை ஒரு சொட்டு கூடாதுன்னுட்டார். இவர் கேட்டாத்தானே? டைரக்டர்னா சாயங்காலம் கையில கிளாஸ் இருக்கணுமாம். ஒரு கிளாஸ்தானேன்னு நானும் விட்டுட்டேன். அப்புறம் பார்த்தா பாட்டில்ல மட்டம் இறங்கிக்கிட்டே போகுது. ராத்திரி எழுந்துபோய் வேற குடிக்கிறார்னு பயந்துட்டேன்."

"எப்போலேருந்து மட்டம் இறங்கிச்சு?"

"கவுன்ட்டர் பாலிஷ் போட்டாங்களே, அதுக்குப் பிறகு. கொஞ்ச நாள் பார்த்தேன். பொறுக்க முடியலை. ஒவ்வொரு பாட்டிலா மூக்கைப் பொத்திக்கிட்டு சிங்க்ல கொட்டிட்டு, டீ போட்டு ஆறவெச்சு ஊத்திட்டேன். அந்த வாடையே எனக்கு ஆகாதுங்க."

"வாடை வந்துதா?"

"மூக்கைப் பொத்திக்கிட்டா எப்படிங்க வரும்?"

"தம்பியை வெளியே தள்றாங்களே, சொல்லலையா நீங்க?"

அவர் கண் கலங்கியது. "இன்னைக்குச் சொல்லிடப் போறேன். என் தம்பி தெருவுல நிக்கறதைப் பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா? ஆனா டைரக்டரை நினைச்சாத்தான் பயமா இருக்கு. இத்தனை மாசமா டீயைக் கையில வெச்சுக்கிட்டு, புகை வாசனை தெரியுது, மரப் பீப்பாய் தெரியுதுன்னு கிளப்புல போய்ப் பேசியிருக்கார். இது வெளியே தெரிஞ்சா மனுஷன் அப்புறம் வாசப்படி தாண்டுவாரா?"

பின்கட்டில் ஒட்டடை சத்தமில்லாமல் கைதட்டினான். "முடிஞ்சது மேடம். இனி ஒண்ணும் மிச்சமில்லை. அந்தம்மா பாசத்துல ஊத்தினாங்க, தம்பி ஆசையில குடிச்சார், டைரக்டர் பெருமையில நாக்கைத் தொலைச்சார்."

செக்கர் துணிக்கொடிக்கும் கிணற்று மோட்டாருக்கும் இடையே நடந்தார். போனார், வந்தார், போனார்.

"ஒட்டடை, மட்டம் ஏன் இறங்கிச்சு?"

"தம்பி குடிச்சதால."

"அந்தம்மா டீ ஊத்தினது?"

"மட்டம் இறங்கினதுக்கு அப்புறம்."

"அப்போ தம்பி முதல் நாள் குடிச்சது அந்தம்மாவோட டீ இல்லை."

"ஆமா. அது நிஜ விஸ்கி."

"அதே துவர்ப்பு, அதே படபடப்பு, அதே முழிப்பு. முதல் நாளும் கடைசி நாளும் ஒரே ருசிங்கறார்."

ஒட்டடை நிமிர்ந்தான். துணிக்கொடி அவன் கழுத்தில் மாட்டியது. "மேடம்... அப்படின்னா அந்தம்மா கொட்டினது?"

"அதைத்தான் போய்க் கேக்கப் போறோம். தலைவர் வர்றதுக்குள்ளே."

*

லௌஞ்சில் டைரக்டர் கோட்டும் டையும் அணிந்து தயாராக நின்றார். ஸ்டூல்களை நகர்த்தினார், பழைய இடத்திலேயே திரும்ப வைத்தார். அவர் மனைவி கதவோரம் நின்றார். மச்சினன் அவருக்குப் பின்னால், தகரப் பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"ஒரே ஒரு சந்தேகம் சார்," என்றார் செக்கர். "அன்னைக்குத் தலைவர் உங்க பாட்டிலையெல்லாம் ஃப்ரிட்ஜுக்குள்ள அடுக்கினப்போ உங்களுக்குப் பிடிக்கலை, இல்லையா?"

"துளிகூடப் பிடிக்கலை. எவ்வளவோ தடுத்துப் பார்த்தேன்."

"என்ன சொல்லித் தடுத்தீங்க?"

"போட்டோல லைட் அடிக்கும்னேன். தட்டு பாரம் தாங்காதுன்னேன். லேபிள் ஈரமாயிடும்னேன்."

"விஸ்கிக்கு எவ்வளவு குளிர் தேவை சார்? உங்களுக்குத் தெரியாம இருக்காது."

டைரக்டர் மலர்ந்தார். இந்தக் கேள்விக்காகத்தான் அவர் இத்தனை மாதம் கோட்டு தைத்து வைத்திருந்தார். வலது கையில் இல்லாத கிளாஸைப் பிடித்துக்கொண்டார். நடுத்தரக் குளிர்ச்சி என்றார். வருஷம் ஏற ஏறக் குளிரையும் ஏற்ற வேண்டும் என்றார். பீப்பாயின் மரத்தைப் பொறுத்தது என்றார். அவர் முடிக்கட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஃப்ரிட்ஜ்கூட உறுமலை நிறுத்தியது.

"சார்," என்றான் ஒட்டடை, முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தி. "குடிக்கிறவன் எவனும் விஸ்கியை ஃப்ரிட்ஜுல வைக்கிறதே இல்லை. அலமாரியிலேதான் வைப்பான். 'விஸ்கியைக் குளிர வைக்கக் கூடாது தலைவரே'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே தப்பிச்சிருப்பீங்க."

"அந்த ஒரு வார்த்தைதான் உங்களுக்குத் தெரியலை," என்றார் செக்கர். "கடையில ஏறி இறங்கி அத்தனை ஃப்ரிட்ஜையும் குறை சொன்னீங்க. குளிராத ஃப்ரிட்ஜ் கேட்டீங்க. கதவும் கண்ணாடியா இருக்கக் கூடாதுன்னீங்க. உள்ளே இருக்கிறது டீன்னு தெரிஞ்சவருக்குத்தானே அது வேணும்? பாட்டிலெல்லாம் காலியா வாங்கினதுதானே சார்?"

டைரக்டரின் கை மெல்லக் கீழே இறங்கியது. அது எங்கே போவது என்று தெரியாமல் டையைப் பிடித்தது, விட்டது, பையில் நுழையப் பார்த்தது.

"பழைய சாமான் கடையில," என்றார் கடைசியில். டைரக்டர் குரல் இல்லை அது. "எனக்கு ஒத்துக்காது. ஒரு வாய் குடிச்சா ரெண்டு நாள் நெஞ்செரிச்சல். கிளப்புல குடிக்காதவனை ஒருத்தனும் மதிக்கிறதில்லை. நானே கிச்சன்ல யாரும் இல்லாதப்போ டீ போட்டு..."

"எப்போ?" என்றார் மனைவி.

"நீ கோயிலுக்குப் போறப்போ."

"அப்போ நான் மூக்கைப் பொத்திக்கிட்டு சிங்க்ல கொட்டினது?"

"நீ கொட்டினியா?" டைரக்டர் திரும்பினார். "எதை?"

"அந்தப் பாட்டில்ல இருந்ததை. எல்லாத்தையும். கொட்டிட்டு நான்..." அவர் குரல் நின்றது. "டீ ஊத்தினேன்."

"டீயைக் கொட்டிட்டா?"

"டீயைக் கொட்டிட்டு."

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் யாரும் டீயை டீ என்று சொல்லிக் குடிப்பதில்லை. ஆனால் மாதக்கணக்கில் டீ போட்டு, டீயைக் கொட்டி, அதே இடத்தில் டீயை ஊற்றி, ஒருவருக்கொருவர் தெரியாமல் தேயிலை டின்னை நிரப்பி வைத்திருக்கிறார்கள்.

"அதான் டின் காலியாகவே மாட்டேங்குதேன்னு பார்த்தேன்," என்றார் மனைவி மெதுவாக.

பின்னாலிருந்து மச்சினன் கேட்டார். "அப்போ நான் குடிச்சது?"

"இதை வேற வாய்விட்டுக் கேக்கணுமா?" என்றான் ஒட்டடை.

"போதையில நான் அத்தானைத் திட்டினது?"

"அது தெளிஞ்ச புத்தியிலே திட்டினது. அப்படியே வெச்சுக்கலாம்."

வாசல் மணி அடித்தது. டைரக்டரின் முகம் ஃப்ரிட்ஜில் இருந்த பாட்டில் நிறத்துக்கு வந்தது.

"தலைவர்," என்றார். "அம்மா, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். இது மட்டும் வெளியே போச்சுன்னா..."

"உங்க மச்சினன்?"

"இருக்கட்டும். எத்தனை வருஷம் வேணும்னாலும் இருக்கட்டும்."

"அவர்கிட்ட சொல்லுங்க. என்கிட்ட இல்லை."

டைரக்டர் மச்சினன் பக்கம் திரும்பினார். ஒரு டைரக்டர் ஆயுளில் ஒருமுறை செய்யக்கூடியதைச் செய்தார். "பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைப்பா. மெத்தையை நான் எடுத்துட்டு வர்றேன்."

கிளப் தலைவர் உள்ளே வந்தபோது, கோட்டும் டையும் போட்ட டைரக்டர் ஒரு மெத்தையைத் தோளில் சுமந்து எதிரே போனார். தலைவர் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பெரிய மனிதர்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஆகவே அவர்கள் எதைக் கண்டும் ஆச்சரியப்படக் கூடாது.

"என்னம்மா, திருடன் அகப்பட்டானா?" என்றார் ஸ்டூலில் ஏறியபடி.

ஒட்டடைக்கு வியர்த்தது. ஒருத்தர் பேரைச் சொல்லியாக வேண்டும். தம்பியைச் சொன்னால் தெரு. அந்தம்மாவைச் சொன்னால் அவமானம். டைரக்டரைச் சொன்னால் அதோடு முடிந்தது. செக்கர் கவுன்ட்டரை ஒரு சுற்று சுற்றி வந்து, ஃப்ரிட்ஜின் தலையில் கை வைத்தார்.

"அகப்பட்டாச்சு சார். இதுதான்."

"ஃப்ரிட்ஜா?"

"உங்களுக்குத் தெரியாததா? உயர்ந்த ரக விஸ்கியைக் குளிர வெச்சா, அதுல இருக்கிற மரச்சத்து இறுகிப்போய் டீ மாதிரி ஆயிடும். நிறம், ருசி, எல்லாமே. சாதாரண சரக்குக்கு இப்படி ஆகாது. ரொம்ப உசத்தியானதுக்கு மட்டும்தான்."

ஒட்டடை மூச்சை அடக்கினான். மெத்தையோடு டைரக்டர் கதவில் அப்படியே நின்றுவிட்டார். தலைவர் ஃப்ரிட்ஜைப் பார்த்தார். பாட்டில்களைப் பார்த்தார். எல்லோரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு முகவாயைத் தடவிக்கொண்டு, கனமாகத் தலையசைத்தார்.

"அன்னைக்கே எனக்குச் சந்தேகம்," என்றார். "வாயில வெச்சதுமே பட்டது. சொன்னா உங்களுக்கெல்லாம் புரியாதேன்னுதான் சொல்லலை. உசத்தி சரக்கு அப்படித்தான் ஆகும். நானே கிளப்புல எத்தனையோ தடவை எச்சரிச்சிருக்கேன்."

"எங்களுக்கும் அதுதான் சார் வருத்தம்," என்றான் ஒட்டடை. "நீங்க சொல்லியும் யாரும் கேக்கலையே."

தலைவர் மகிழ்ந்தார். டைரக்டரின் சேகரிப்பு அத்தனை உயர்ந்தது என்பது தெரியாமல் போயிற்றே என்று வருந்தினார். அந்த வாரமே கிளப் பலகையில், உயர்ரக விஸ்கியை ஃப்ரிட்ஜில் வைத்து வீணாக்க வேண்டாம் என்று அவர் கையெழுத்தோடு ஓர் அறிவிப்பு ஏறியது. அதைப் படித்த உறுப்பினர்கள் எல்லோரும், ஒருவர் பாக்கியில்லாமல், இது தங்களுக்கு முன்பே தெரியும் என்றார்கள். மச்சினன் பழைய அறையில் பழைய மெத்தையில் படுத்தார். குடிக்க எதுவும் இல்லாததால் நன்றாகத் தூங்கினார்.

ஃப்ரிட்ஜில் இப்போது வெண்டைக்காய் இருக்கிறது.